ஆறு முறை திறந்த குவியல்

பணி அனுபவம் சொல்ல வருபவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தை நான் மீறுகிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது. பீல் நகருக்கு மேலே, ஜூரா மலைச்சரிவில் உள்ள இந்தக் கூட்டெருக் களத்தில் ஐந்து குளிர்காலங்களைக் கண்டுவிட்டேன். ஆறாவதை வேறொரு பள்ளத்தாக்கில் காணப் போகிறேன். ஓல்டனிலிருந்தும் ஷாஃப்ஹவுசனிலிருந்தும் இங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் புறப்படுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு ஈரம், எத்தனை பங்கு மரச்சீவல், எப்போது கலப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாதது, நான் ஒரு குவியலைக் கொன்ற கதை.

‘கொன்ற’ என்னும் சொல்லை உணர்ச்சிவசப்பட்டு இடவில்லை. எண்ணிப் பார்த்தே இடுகிறேன்.

நான் மேடையில் வளர்ந்தவள். இந்த நாட்டில் பிறந்து, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போய், பன்னிரண்டு வயதில் முதல் பேச்சுப் போட்டியில் ஏறி, இருபது வயதுக்குள் ஒன்பது கேடயங்களை என் பெற்றோரின் அலுமாரியில் அடுக்கியவள். எதிரணிப் பேச்சாளர் எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவார், எந்த வாதத்தில் தடுக்கி விழுவார் என்பதை அவர் வாய் திறக்குமுன் கணிக்க எனக்கு வரும். இதை அடக்கத்தோடு சொல்லவில்லை. அடக்கம் நான் இன்னும் தேர்ச்சி பெறாத பாடம்.

சுற்றுச்சூழல் பொறியியல் முடித்து இங்கே வந்தபோது, குளிர்காலத்தில் இந்தக் களம் மூடியே கிடந்தது. காரணம் எளியது. சமையலறைக் கழிவைக் குவித்தால் அதை உண்ணும் நுண்ணுயிர்கள் தாமே வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த வெப்பத்தில்தான் கழிவு எருவாகிறது. ஆனால் பனி விழும் மலையில் அந்த உயிர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே குவியல் உறைந்துவிடும். ஆகவே டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை மூன்று கிராமங்களின் கழிவு முழுவதும் லொறிகளில் மலையிறங்கி எரியாலைக்குப் போயிற்று.

அதை மாற்ற ஒரு பெண் முன்வந்தார். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்; என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. உயர்ந்த மேய்ச்சல் நிலங்களில் பனிக்கு அடியில் இருந்த மண்ணைத் தோண்டி, ஐந்து பாகை, அதாவது ஐந்து டிகிரி, குளிரிலும் உண்டு பெருகும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து, தவிட்டில் வளர்த்து, வாளி வாளியாகக் கொண்டுவந்தார். அவற்றைப் பற்றி அவர் சொன்னது மிகக் குறைவு. “இவை பெரிய சூட்டை உண்டாக்குபவை அல்ல. குவியலைப் பதினைந்து, இருபது பாகைக்குக் கொண்டுவந்து விடும். அதன்பின் மற்றவை விழித்துக்கொள்ளும். ஐம்பதைத் தாண்டும்போது இவற்றில் ஒன்றுகூட அங்கே வேலை செய்துகொண்டிருக்காது” என்றார்.

அவர் சொன்னது நாலு வாக்கியம். நான் அதை நாற்பது நிமிட உரையாக்கினேன். கிராமசபைக் கூட்டத்தில், நாற்றம் வருமா, எலி வருமா என்று கவலையோடு அமர்ந்திருந்த மக்களுக்கு முன்னால், ஜெர்மன் மொழியில், குறிப்புத்தாள் இல்லாமல் பேசினேன். ஒரு குளிர்காலம் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. அந்த வெற்றிக்கு நான் உரியவள் என்பதை இன்றும் மறுக்கமாட்டேன்.

இனி, இந்தக் கதையில் என்னைவிட அதிகமாக இழக்க இருந்த மனிதரைச் சொல்ல வேண்டும்.

முன்னால் பெரிய வாளி பூட்டிய லோடர் வண்டியை ஓட்டும் சிவம் அண்ணையை உங்களுக்குத் தெரியும். அன்று அவரிடம் இருந்தது எஃப் விசா என்று நம்மவர்கள் சொல்லும் தற்காலிக அனுமதி. மனைவி யாழ்ப்பாணத்தில். பதினொரு ஆண்டுகளாகத் தொலைபேசியில் குடும்பம் நடத்தியவர் அவர். பி விசா என்னும் வதிவிட அனுமதிக்கு மாறினால்தான் மனைவியை அழைப்பதற்கு விண்ணப்பிக்கலாம். மாறுவதற்கு, ஆண்டு முழுவதும் வேலை உண்டு என்று காட்டும் ஒப்பந்தத்தை பெப்ரவரி முடிவுக்குள் தருமாறு குடிவரவு அலுவலகம் கடிதம் அனுப்பியிருந்தது. அவருக்கு இருந்ததோ எட்டு மாத வேலை. குளிர்காலத்தில் களம் இயங்கினால் பன்னிரண்டு மாத ஒப்பந்தம் எழுதலாம்; இயங்காவிட்டால் இல்லை. களம் இயங்குவதற்குக் குவியல் ஐம்பத்தைந்து பாகையைத் தொட்டு, விதித்த நாட்கள் அங்கே நின்று, நோய்க்கிருமிகள் அழிந்தன என்று மாநிலப் பரிசோதகர் ஒப்பமிட வேண்டும். மூன்று கிராமங்களின் சபை உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். ஆக, ஒரு மனிதரின் குடும்பம் ஒரு குவியலின் சூட்டைச் சார்ந்திருந்தது. இது எனக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். தெரியாமல் செய்த பிழை என்று நான் வாதாட வழியில்லை.

நவம்பர் இறுதியில் குவியலை அமைத்தோம். முதல் வாரம் ஆறு பாகை, எட்டுப் பாகை என்று நகர்ந்தது. மூன்றாம் வாரம் நாற்பத்தெட்டைத் தொட்டது. வெளியே பனி, உள்ளே நாற்பத்தெட்டு! இன்னும் மூன்று, நான்கு நாட்கள் கைவைக்காமல் விட்டிருந்தால் ஐம்பத்தைந்தைக் கடந்திருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள்.

குவியல் என்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பொருள். மண்மேடு, மேலே துணி. அதைக் காட்டி எப்படிப் பேசுவது? சிவம் அண்ணைதான் வழி சொன்னார். “தங்கச்சி, ஒரு வாளி தோண்டித் தூக்கினா ஆவி கிளம்பும். படத்துக்கு வடிவா இருக்கும்.”

தூக்கினார். குளிர்காற்றில் ஆவி பக்கத்துக் கொட்டகையின் கூரைக்கு மேலே எழுந்தது. படம் எடுக்க வந்தவர் தம்மை மறந்து இரண்டடி பின்வாங்கினார். அந்தக் கணத்தில் எனக்குள் இருந்த மேடைக்காரி விழித்துக்கொண்டாள்.

அதன்பின் நாங்கள் இருவரும் ஒரு முறையே வகுத்துவிட்டோம். நான் குவியலுக்கு முன்னால் நின்று பேசுவேன். அண்ணை லோடரில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பார். உரையின் முத்தாய்ப்பில் நான் வலக்கையை உயர்த்துவேன், வாளி இறங்கும், ஆவி எழும். பத்திரிகைக்குப் பிறகு ஊர்ப் பள்ளி வகுப்பு ஒன்று. பிறகு பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சங்கம். பிறகு களத்தின் பொறுப்பாளர் – ஷெஃப் என்றே எல்லோரும் அழைக்கும் அந்த உள்ளூர்க்காரர் – அழைத்துவந்த நண்பர்கள். பிறகு பல்கலைக்கழக மாணவர்கள். ஒவ்வொரு முறையும் கைதட்டல்.

ஒவ்வொரு முறையும் வெப்பநிலை இறங்கிற்று. நாற்பத்தெட்டு முப்பத்தொன்பதாகி, முக்கி முனகி நாற்பத்தைந்துக்கு ஏறி, அடுத்த விருந்தினருக்குப் பின் முப்பத்தாறாயிற்று. ஏறும் உயரம் குறைந்தது. இறங்கும் ஆழம் கூடியது. நாள்தோறும் வெப்பமானியை வாசித்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. இறக்கம் தெரிந்த நாட்களில் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது ஒரே சொல்: குளிர்.

குளிரைத் தாங்கும் உயிர்கள் இவை என்று ஊர் ஊராக முழங்கியவளும் நான். குளிரால் குவியல் தளர்ந்தது என்று எழுதியவளும் நான். இரண்டு கூற்றும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதை எதிரணிப் பேச்சில் கண்டிருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பேன். என் பேச்சில் இருந்ததால் பிடிக்கவில்லை.

ஆறாவது முறை, தைப்பொங்கலை ஒட்டி வந்த சனிக்கிழமை. பீல் நகரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து முப்பது பிள்ளைகளும் பெற்றோரும் பேருந்தில் ஏறி வந்தார்கள்.

“தங்கச்சி, இண்டைக்கு எங்கட சனம். பெரிய வாளி பூட்டட்டோ?” என்று கேட்டார் அண்ணை.

“பூட்டுங்கோ அண்ணை. நான் கொஞ்சம் கூடக் கதைப்பன். எஞ்சினை நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

“நீ கொஞ்சம் கதைச்சு நான் எப்ப கண்டனான்? டீசல் காணுமோ எண்டு பாக்கிறன்.”

தமிழில் பேசக் கிடைத்த மேடை அது. இருபது நிமிடம் பேசினேன். உழவுக்கும் எருவுக்கும் நன்றி சொல்லும் நாளை இந்தக் குவியலோடு பொருத்தி, பனிக்கடியில் பிறந்த உயிர்களைப் பாராட்டி, கையை உயர்த்தினேன். பெரிய வாளி குவியலின் நடுவயிற்றைப் பிளந்தது. வெண்ணிற ஆவி கொட்டகையை மூடிக்கொண்டு மேலே போயிற்று. கம்பளித் தொப்பி அணிந்த ஒரு குழந்தை “பொங்கலோ பொங்கல்!” என்று கத்த, முப்பது குரல்களும் சேர்ந்துகொண்டன.

“எங்கட வீட்டிலை இவ்வளவு புகை வந்தா அலாரம் அடிச்சு, தீயணைப்புக்காரர் கதவை உடைச்சிருப்பினம்” என்றார் ஒரு தாய்.

“அக்கா, இன்னொருக்கால்!” என்றார்கள் பிள்ளைகள்.

இன்னொருமுறையும் கையை உயர்த்தினேன்.

மறுநாள் வடகிழக்கிலிருந்து பீஸ் என்னும் குளிர்காற்று இறங்கியது. அதன் கூர்மையை நீங்கள் இந்தச் சரிவில் உணராமல் இருக்க முடியாது. மூன்று நாட்கள் வீசியது. வெப்பமானி இருபத்தொன்று, பன்னிரண்டு, ஏழு என்று இறங்கி, நான்காம் நாள் நான்கு பாகையில் நின்றது. மேலோடு கல்லாக உறைந்தது. மண்வெட்டி பட்டால் தீப்பொறி பறக்காததுதான் குறை.

நான் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் பற்றீரியாக்கள் தோற்றுவிட்டன என்று சொல்வதற்கு நாகரிகமான ஜெர்மன் வாக்கியங்களை அமைத்துவைத்திருந்தேன். அவர் தொலைபேசியில் எதையும் கேட்கவில்லை. அடுத்த பேருந்தில் வந்தார். குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி முதற் பக்கத்திலிருந்து வாசித்தார்.

“காரணம் குளிர் என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் பனிக்கு அடியில் எடுத்த உயிர்கள் இவை” என்றார்.

“இந்த ஆண்டுக் குளிர் வழக்கத்தைவிட…” என்று தொடங்கினேன்.

“வருகைப் புத்தகம் வைத்திருக்கிறீர்களா?”

வைத்திருந்தோம். விருந்தினர் ஒப்பமிடும் அழகான தடித்த புத்தகம், என் ஏற்பாடுதான். அதைக் குறிப்பேட்டின் பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு திகதியின் மேல் இடக்கை விரலையும், இன்னொரு திகதியின் மேல் வலக்கை விரலையும் வைத்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் வைத்தார். ஆறு முறை. இரண்டு புத்தகத்திலும் இருந்தது என் கையெழுத்து.

“ஆவி என்றால் என்ன?” என்று கேட்டார்.

“சூடு.”

“எங்கே போகிற சூடு?”

“வெளியே.”

என்னிடம் மறுப்புரைகள் இருந்தன. காற்றோட்டம் வேண்டும் என்று கையேடே சொல்கிறது. கிளறாமல் எரு இல்லை. பொறுப்பாளரே விருந்தினரை அழைத்தார். ஒவ்வொன்றும் ஓரளவு உண்மை. ஒரு நல்ல பேச்சாளருக்கு ஓரளவு உண்மை போதும். அதை ஊதி முழு உண்மையாக்கிவிடலாம். நீங்கள் மேடையேறியவர்களாயினும் இல்லையாயினும் இதைக் கேளுங்கள். உங்கள் பக்கத்துக்கு வாதம் கிடைப்பதால் உங்கள் பக்கம் சரியாகிவிடுவதில்லை. ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டவர் அதற்குச் சாட்சி தேடுவார். எதிரான சாட்சி காலடியில் கிடந்தாலும் தாண்டிப் போவார். குவியலுக்குப் பக்கம் இல்லை. அதற்கு இருப்பது வெப்பம் மட்டும்.

அன்று நான் வாதாடவில்லை. அது நற்குணத்தால் அல்ல. அந்த விரல்கள் நின்ற திகதிகளை எழுதியவள் நானே.

அவர் போனபின் சிவம் அண்ணையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் லோடரின் வாளியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப கிண்டினது நான்தானே” என்றார்.

“கை காட்டினது நான், அண்ணை.”

“முதல் யோசனை ஆர்ரை? சரி விடு. பங்கு பிரிக்க இது என்ன காணியோ? இப்ப என்ன செய்யிறது எண்டு சொல்லு.”

செய்ய வேண்டியதை ஆய்வுகூடப் பெண் சொல்லியிருந்தார். காற்றடிக்காத ஒரு நண்பகலில் உறைந்த மேலோட்டை உடைத்து, புதிய சமையலறைக் கழிவும் மரச்சீவலும் புதிதாக வளர்த்த பற்றீரியாவும் சேர்த்து, முன்னையதைவிடப் பெரிதாகக் குவித்து, அடியில் துளையிட்ட குழாய்களைக் காற்றுக்காக வைத்து, மேலே பழைய எருவைப் போர்த்தி, துணியால் மூடினோம். பிறகு எதுவும் செய்யாமல் இருந்தோம். எதுவும் செய்யாமல் இருப்பது இந்தத் தொழிலின் மிகக் கடினமான வேலை.

ஐந்து பாகை. ஐந்து. ஆறு. ஆறு. ஏழு. குவியலின் தெற்கு மூலையில், புதிய கழிவு தடித்து விழுந்த ஓரிடத்தில், ஒரு சாண் அளவுக்கு முப்பது பாகைச் சூடு இருந்தது. வெப்பமானியை அங்கே குத்தி, அதுவே குவியலின் நிலை என்று எழுதலாம். அதை நியாயப்படுத்த எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த மூலையை நான் இரண்டு முறை சுற்றி வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில்தான் குத்தினேன். ஏழு என்று எழுதினேன்.

“தங்கச்சி, ஒரு நாளைக்கு ஒருக்கால் வாசிச்சாக் காணும்” என்றார் அண்ணை. “மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குத்தினா அதுக்கும் காய்ச்சல்தான் வரும்.”

“காய்ச்சல் வந்தா நல்லதுதானே அண்ணை. சூடு ஏறும்.”

“ஓம், பிறகு அதுக்கும் ஒரு டொக்டர் கூப்பிடுவம்.”

பெப்ரவரி நடுவில் பத்தொன்பது பாகை. அந்த வாரம்தான் மூன்று கிராமங்களின் சபை உறுப்பினர்கள் ஐவர், முடிவெடுக்குமுன் நேரில் பார்க்க வந்தார்கள். அன்று மாலையே அவர்கள் கூட்டம். அன்று சம்மதம் கிடைத்தால், பரிசோதகரின் ஒப்பத்துக்குக் காத்திராமலே ஒப்பந்தம் எழுதி, மாத முடிவுக்குள் அண்ணையின் கடிதத்தை அனுப்பிவிடலாம்.

ஐவரும் துணி மூடிய மேட்டைப் பார்த்தார்கள். நான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றேன். அண்ணை லோடரில் இருந்தார். எஞ்சின் உறுமியது.

“பத்திரிகையில் ஆவி வந்ததே, அதுதானே இது?” என்று ஒருவர் கேட்டார்.

ஷெஃப் என் தோளருகே குனிந்தார். “ஒரு வாளி மட்டும். அவர்கள் கண்ணால் பார்த்தால் கூட்டத்தில் சம்மதித்துக் கையைத் தூக்கிவிடுவார்கள்.”

அவர் கணக்கு தவறானதல்ல. ஐவருக்கும் ஓர் ஆவித் தூண் போதும், அன்று மாலை சம்மதம், மறுநாள் ஒப்பந்தம். திறந்தால் குவியல் பத்துக்கு இறங்கும், பரிசோதகர் வரும் நாளில் ஐம்பத்தைந்து இருக்காது. ஆனால் அது அடுத்த மாதக் கவலை. திறக்காவிட்டால், இவர்கள் ஒன்றும் காணாமல் இறங்கிப் போவார்கள். அண்ணையின் நாள் கடந்துவிடும். நான் எனக்காக மட்டும் முடிவெடுக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. என் பெருமையை விட்டுக்கொடுப்பது எனக்குக் கடினம். இன்னொருவரின் பதினொரு ஆண்டுகளைப் பணயம் வைப்பது அதைவிடக் கடினம்.

வலக்கையை மேலங்கிப் பைக்குள் இட்டேன்.

“உள்ளே பத்தொன்பது பாகை” என்றேன். “திறந்தால் ஆவி வரும், உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஆவிதான் குவியலின் சூடு. இதற்கு முன் அப்படிக் காட்டி ஒரு குவியலை நான் அழித்துவிட்டேன். ஆகவே இன்று திறக்கமாட்டேன்.”

என் வாழ்வில் நான் நிகழ்த்திய மிகக் குறுகிய உரை அது. கைதட்டல் இல்லை. ஐவரில் ஒரு விவசாயி தம் காலைப் பார்த்துக்கொண்டு, “புதுச் சப்பாத்துப் போட்டு மலை ஏறி வந்தது ஒரு துணியைப் பார்க்கவா?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஷெஃப் சிரிக்கவில்லை.

அவர்கள் இறங்கிப் போனபின்தான் களம் அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். எஞ்சின் ஓடவில்லை. அண்ணை லோடரிலிருந்து இறங்கி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எப்ப நிப்பாட்டினீங்கள்?”

“நீ வாய் திறக்க முந்தி. நீ கையைத் தூக்கியிருந்தாலும் நான் கிண்டியிருக்க மாட்டன்.”

“ஏன் அண்ணை? உங்கட கடிதம்…”

“பத்தொன்பது எண்டு காலமை நானும் வாசிச்சனான். குவியல் செத்தா பிறகு எந்த வேலைக்கு ஒப்பந்தம்?”

அவருக்காக நான் வேதனைப்பட்டுக்கொண்டிருந்தபோதே, அவர் தம் கணக்கைத் தாமே போட்டு முடித்திருந்தார். அவரைக் கேட்காமலே அவர் சார்பில் நான் தவித்திருக்கிறேன். பத்தடி தூரத்தில் இருந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோழர்களே, நெருக்கடியில் எல்லாவற்றையும் உங்கள் தலைக்குள்ளேயே விவாதித்து முடிக்காதீர்கள். அங்கே இரண்டு அணியும் நீங்கள்தான், நடுவரும் நீங்கள்தான்.

மாலைக் கூட்டத்தில் சபை முடிவை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தது. அண்ணையின் நாளோ பெப்ரவரி முடிவு. நான் வீட்டில் அமர்ந்து, அலுவலகத்துக்கு அவர் பெயரில் மூன்று பக்க விண்ணப்பம் எழுதினேன். பதினொரு ஆண்டுப் பிரிவு, உழைப்பின் மாண்பு, மனிதாபிமானம் எல்லாம் அதில் இருந்தன. நல்ல கடிதம். மறுநாள் உணவு இடைவேளையில் அவர் அதை மெதுவாக வாசித்து முடித்தார்.

“வடிவா இருக்கு. ஆனா இதிலை நான் எங்கை நிக்கிறன்? இந்த ஆளை எனக்குத் தெரியாது.”

பிறகு தாளைத் திருப்பி, அதன் வெறும் பக்கத்தில் தம் ஜெர்மனில் தாமே எழுதினார். அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “நான் கூட்டெருக் களத்தில் வேலை செய்கிறேன். குவியல் இன்னும் சூடாகவில்லை. சூடானால் ஆண்டு முழுவதும் வேலை உண்டு. மார்ச் முடியும் வரை பொறுக்க முடியுமா?”

“பிழை திருத்தட்டோ அண்ணை?”

“ஒரு பிழையை விடு. நான்தான் எழுதினது எண்டு அவைக்குத் தெரியட்டும்.”

அதை வேறு தாளில் படியெடுத்து அனுப்பினார். எட்டு நாளில் பதில் வந்தது: மார்ச் முப்பத்தொன்று வரை.

குவியல் யாருடைய கடிதத்தையும் வாசிக்கவில்லை. தன் போக்கில் ஏறிற்று. இருபத்துநான்கு. முப்பத்தொன்று. இரண்டு நாள் அசையவில்லை, நான் உண்ணவில்லை. பிறகு நாற்பத்துநான்கு. மார்ச் முதல் வாரத்தில் ஐம்பத்தெட்டு. அங்கே நின்றது. துணியின்மேல் பனி கிடந்தது. பார்த்தவர் எவரும் அதன் கீழே எதுவும் நடப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

மாநிலப் பரிசோதகர் வந்து குறிப்பேட்டை வாங்கினார். ஆறு இடங்களில் ‘குளிர்’ என்பதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘விருந்தினருக்காகத் தேவையில்லாமல் திறந்தேன்’ என்று எழுதி ஒப்பமிட்டிருந்தேன்.

“இதை எழுதும்படி யார் சொன்னது?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.”

அவர் குறிப்பேட்டை மூடினார். நடுவிலும் நான்கு மூலையிலும் தாமே வெப்பமானியைக் குத்தி வாசித்தார். ஒப்பமிட்டார். அடுத்த வாரம் சபை கூடியது. புதுச் சப்பாத்து விவசாயிதான் முதலில் கையை உயர்த்தினாராம். “காட்டமாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் இந்தப் பெண்தான், எனக்கு விற்க வருகிற எல்லோரும் காட்டத்தான் பார்ப்பார்கள்” என்றாராம். இதை ஷெஃப் சொல்லக் கேட்டேன். கேட்டதில் எனக்குப் பெருமை என்பதை மறைக்கவில்லை.

மார்ச் இருபத்தாறாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதைத் தபாலில் அனுப்ப அண்ணைக்கு மனம் வரவில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்து, ரயிலேறிப் போய், தம் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தார். பி விசா வர மேலும் சில மாதங்கள். மனைவிக்கான விண்ணப்பம் முடிய அதற்கு மேலும் இரண்டு குளிர்காலங்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் குவியல் ஐம்பத்தைந்தைத் தாண்டியது.

இன்று அண்ணை களத்தில் இல்லாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சூரிச் விமான நிலையத்தில் நிற்கிறார். அவர் மனைவி வரும் விமானம் மத்தியானம் இறங்குகிறது. இன்னும் நான்கு நாட்கள் அவர் வரமாட்டார். லோடர் சாவி அலுவலக அறையில் தொங்குகிறது.

நாளை காலை பீல் நகரிலிருந்து ஒரு கல்லூரி வகுப்பு வருகிறது. ஆவியைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். மூன்றாம் குவியல் இன்று காலை இருபத்தாறு பாகை. துணியைத் தொடாதீர்கள்.